டிக்கெட் கிடைக்கவில்லை

படத்தைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது அதன் அளவைத்தான். நான்கு எம்.பி. இரண்டுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று எத்தனை சுற்றறிக்கை விட்டாலும் ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று அலுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் படம். ஒரு இரும்புக் கட்டில். கழுத்துவரை இழுத்துவிட்ட வெள்ளைப் போர்வை. அதற்கு மேலே ஒரு பெரியவரின் முகம். நாலைந்து நாள் மழிக்காத நரைத்த தாடி, மூடிய கண்கள், லேசாகத் திறந்த வாய். கோரிக்கையின் வகை, இறப்பு விடுப்பு. இறந்தவர், தந்தை. இணைப்பு என்ற கட்டத்தில் இறப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இந்தப் படம் இருந்தது. குறிப்புப் பெட்டியில் ஒரே வரி: 'சான்றிதழ் வர மூன்று நாள் ஆகுமாம். தற்போதைக்கு இது.'

இது செல்லாதே என்று நினைத்தேன். ஆமாம், அதைத்தான் நினைத்தேன். காலை ஒன்பதரையிலிருந்து எண்பது கோரிக்கைகள் பார்த்து முடித்திருந்தேன். மணி பத்து ஐம்பது. விரல் தானாக எஃப்-செவனுக்குப் போய்விட்டது. விரல் போனது என்கிறேன் பாருங்கள், நான் அழுத்தினேன் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. எஃப்-செவன் என்றால் 'திருப்பி அனுப்பு'. அழுத்திய நொடியே, நான் என் கைப்பட எழுதி வைத்த கடிதம் போய்விடும். 'உங்கள் நிலையை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். உங்கள் வருத்தத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம். எனினும், உரிய இணைப்பு இல்லாததால் உங்கள் கோரிக்கை திருப்பி அனுப்பப்படுகிறது.'

கடிதம் போய்விட்டது. படம் மட்டும் தனியாகத் திரையில் நின்றது. அதை மூடப் போனபோதுதான் வலது ஓரத்தில் ஏதோ தொங்குவதைக் கவனித்தேன். படம் எடுத்தவர் கட்டில் மேல் குனிந்திருக்கிறார். கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையின் நாடா முன்னால் சரிந்து படத்துக்குள் விழுந்திருக்கிறது. கிளிப்பச்சை நாடா. எங்களிடம் வரும் பதினோரு கம்பெனிகளுக்கும் பதினோரு நிறம். கிளிப்பச்சை அதில் எதற்கும் கிடையாது. அது எங்கள் அலுவலகத்து நிறம். குனிந்து என் கழுத்தைப் பார்த்தேன். அதே நாடா.

எங்களை வெளியில் 'ஷேர்டு சர்வீசஸ்' என்பார்கள். ஒரு பெரிய குழுமத்தின் பதினோரு கம்பெனிகளுக்கும் சேர்த்து லீவு, இடமாற்றம், பணிச் சான்று, ஓய்வு என்று ஆட்கள் சம்பந்தப்பட்ட வேலையெல்லாம் ஒரே மாடியில் எனக்குக் கீழே முப்பத்துநான்கு பேர் கையில் ஓடுகிறது. யாருக்கு எது வேண்டுமென்றாலும் சிஸ்டத்தில் ஒரு கோரிக்கை போட வேண்டும். அதற்கு எங்கள் பாஷையில் டிக்கெட். டிக்கெட்டில் போட்டவரின் பெயர் தெரியாது, அவருடைய எட்டு இலக்க எண் மட்டும்தான். வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கிற பேச்சே இருக்கக்கூடாது என்று நான்தான் மல்லுக்கு நின்று அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன். இணைப்பு சரியில்லாதவை எல்லாம் கடைசியில் என்னிடம் வரும். நான் சரி என்று விட்டால் அது பெயரோடு அவரவர் மேலாளரிடம் போகும். எங்கள் ஆட்களுடைய லீவும் இதே வரிசையில்தான் வரும். அவர்களுக்கு மேலாளரும் நான்தான். ஆக, என்னைத் தாண்டினால்தான் என்னிடம் வந்து சேர முடியும். இதைச் சொல்லி நாங்களே எத்தனையோ முறை சிரித்திருக்கிறோம்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். வாயால் சொன்னது சொன்னதாகாது. தலைவலி, பஸ் லேட், பிள்ளைக்குக் காய்ச்சல், எதுவாக இருந்தாலும் டிக்கெட் போடு. என் மேசைக்கு வந்து நின்று இழுத்து இழுத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெரியும். உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றால் வேலை ஓடுகிறது என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டிருந்த மடச்சி நான்.

அன்று முப்பத்துநான்கு பேரில் வராதது ஒருத்திதான். 'சன்னக்குரல்' என்று கூப்பிடுவோம். போனில் பேசினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது, ஆனால் மறுமுனையில் இருப்பவர் அமைதியாகிவிடுவார். நாலு வருஷமாக என் வலது பக்கம், தூணுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆறு எட்டு எடுத்து வைத்தால் அவள் இடம். காலையில் நின்றுகொண்டே நடத்துகிற பத்து நிமிஷக் கூட்டத்தில், பலகையில் அவள் கட்டத்துக்கு நேராகச் சிவப்புப் பொட்டு வைத்தேன். 'தகவல் இல்லை' என்று அதற்குப் பொருள். வைத்ததோடு விட்டேனா? "நாலு வருஷ சர்வீஸ் இருக்கறவளே சொல்லாம கொள்ளாம நின்னுட்டா, புதுசா வந்தவங்க என்ன கத்துப்பாங்க? டிக்கெட் போட ரெண்டு நிமிஷம் ஆகுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. என் பேச்சுக்கு நல்ல மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து, எப்போதும் வாய் மூடாத 'ரேடியோ'விடம் போனேன். அவனுக்கு அந்தப் பெயர் வைத்ததே சன்னக்குரல்தான். அன்று காலையிலிருந்து அவனும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அவளோட அப்பாவுக்கு என்ன?"

அவன் காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நான் விளையாடுகிறேனா என்று பார்க்கிற பார்வை.

"உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"தெரிஞ்சா கேப்பேனா?"

"ஒரு வாரமா ஆஸ்பத்திரில இருந்தார். நேத்து ராத்திரி போயிட்டார். காலைல எனக்கு மெசேஜ் வந்துது." சற்று நிறுத்திச் சொன்னான். "உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சோம். தெரிஞ்சேதான் லீவு குடுக்கலன்னு நாங்க எல்லாரும் நெனச்சோம்."

அந்த 'எல்லாரும்' எனக்குள் இறங்க நேரமாயிற்று. முப்பத்து மூன்று பேர். திங்கட்கிழமையிலிருந்து தினமும் எனக்கு வணக்கம் சொல்லி, என்னோடு லிஃப்டில் ஏறி, நான் சொன்ன அசட்டு ஜோக்குக்கெல்லாம் சிரித்து, மனதுக்குள் என்னை அப்படிப்பட்டவளாக வைத்திருந்திருக்கிறார்கள். அப்பன் சாகக் கிடக்கிறான் என்று தெரிந்தும் பெண்ணை அனுப்பாத ஜென்மம். அதில் ஒருவருக்குக்கூட, 'சே, மேடம் அப்படிச் செய்ய மாட்டாங்க, தெரிஞ்சிருக்காது' என்று தோன்றவில்லை. ஒருவரும் என்னிடம் வந்து சொல்லவும் இல்லை. சொன்னது சொன்னதாகாது என்றுதான் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேனே.

நாற்காலிக்குத் திரும்பி அந்த எட்டு இலக்க எண்ணின் பழைய டிக்கெட்டுகளைத் திறந்தேன். திங்கள், காலை பத்து பன்னிரண்டு. காரணம், தந்தையின் உடல்நிலை மோசம். இணைப்பு இல்லை. பத்து பதினைந்துக்குத் திருப்பப்பட்டது. செவ்வாய், ஒன்பது நாற்பது. ஒரு டாக்டர் சீட்டின் படம். 'மருத்துவமனை முத்திரை இல்லை' என்று திருப்பப்பட்டது. பார்க்க எடுத்துக்கொண்ட நேரம் முப்பத்தெட்டு விநாடி. இரண்டிலும் திருப்பியவர் என்ற இடத்தில் என் எண். புதன்கிழமை டிக்கெட் எதுவும் இல்லை. அன்றைக்கு அவள் போட்டது இல்லை, முடித்தது உண்டு. அறுபத்திரண்டு டிக்கெட். மாடியிலேயே அதிகம். எல்லோருக்கும் கைதட்டுகிற படத்தோடு நான் மெயில் போட்டேன். 'இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று அதில் எழுதியிருந்தேன்.

மேசையில் என் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். போன வாரம் கம்பெனி என்னை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. 'தலைவர்களுக்கான எமோஷனல் இன்டெலிஜென்ஸ்'. அடுத்தவர் மனதைப் புரிந்துகொண்டு ஆட்களை நடத்துவது எப்படி என்று பாடம். இருபத்தாறு பேரில் நான்தான் முதல் மார்க். பழைய கடிதத்தில் 'இணைப்பு இல்லை, திருப்பப்படுகிறது' என்று மொட்டையாக இருந்ததை மாற்றி, முன்னால் 'உங்கள் நிலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்' என்று சேர்த்தது அந்தப் பயிற்சியில்தான். நடத்திய அம்மாள் அதைப் பலகையில் எழுதிப் போட்டு எல்லோரையும் படிக்கச் சொன்னார். 'எனினும்' என்ற சொல்லை அவர் ரொம்பவே சிலாகித்தார். 'ஆனால்' என்றால் முகத்தில் அடிக்குமாம், 'எனினும்' என்றால் தோளில் கை போடுமாம்.

அதற்குள் திங்கட்கிழமை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம். காலை பத்து மணி. பயிற்சி முடிந்து வந்ததும் நிரப்பி அனுப்ப வேண்டிய சுயமதிப்பீட்டுப் படிவத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். கிளிப்பச்சை நாடா கண் ஓரத்தில் தெரிந்தது. நிமிரவில்லை. ஆள்காட்டி விரலைத் தூக்கி, ஒரு நிமிஷம் என்று காட்டினேன். விரல் தூக்கியபடியே இருந்தது. நான் படித்துக்கொண்டிருந்த கேள்வி: 'என் குழுவினர் தங்கள் சிரமங்களைத் தயக்கமின்றி என்னிடம் வந்து சொல்கிறார்கள். எப்போதும், சில வேளை, ஒருபோதும் இல்லை.' யோசித்து 'எப்போதும்' என்பதில் டிக் போட்டேன். அதற்குப் பிறகு விரலை இறக்கினேன். "மேடம், ஊர்ல அப்பாவுக்கு..." என்று சன்னமாக ஆரம்பித்தது அந்தக் குரல். "எதுன்னாலும் டிக்கெட் போட்ரும்மா" என்றேன். திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் "சரி மேடம்" என்று போய் உட்கார்ந்து டிக்கெட் போட்டாள். நான் மூன்று நிமிஷத்தில் அதைத் திருப்பினேன். அவள் ஆறு எட்டு தூரத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்திருப்பாள்.

அவள் எண்ணுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பதினான்கு முறை அடித்தேன். அவசரத் தொடர்புக்கு என்று அவள் கொடுத்திருந்த எண்ணைத் தேடி எடுத்தேன். பக்கத்தில் 'உறவு: தந்தை' என்று இருந்தது. அந்த எண்ணை எப்படி அடிப்பது. முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். படி இறங்கும்போதுதான் உறைத்தது, நானும் டிக்கெட் போடவில்லை. பலகையில் எனக்கென்று ஒரு கட்டமே கிடையாது.

அவள் ஊருக்கு பஸ்ஸில் ஐந்து மணி நேரம். நிலையத்தில் கூட்டமே இல்லை. கேட்ட மாத்திரத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள். பஸ்ஸிலும் பாதி இருக்கை காலி. ஜன்னலோரமாக உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு வரியில் முடித்துவிடுவார். எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் அழுகை வந்துவிட்டது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இப்ப எதுக்குப் போற? மன்னிப்புக் கேக்கவா, இல்ல அவ மெயிலப் பாக்கறதுக்கு முன்னாடி போய்ச் சேரவா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"இல்ல" என்றார். "ரெண்டும் வேற வேற."

கோபம் வந்து வைத்துவிட்டேன். ஆனால் மனுஷன் சரியாகத்தான் பிடித்திருந்தார். என் நெஞ்சு அடித்துக்கொண்டதெல்லாம் அந்த மூன்றாவது மெயிலுக்காகத்தான். முதல் இரண்டும் அவள் கண்ணில் பட்டுவிட்டன, அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவது இன்னும் அணைந்து கிடக்கிற போனுக்குள் இருக்கிறது. இறந்த தகப்பனின் முகத்தைப் படம் எடுத்து, அதை ஒரு கட்டத்துக்குள் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். இணைப்பு இல்லாமல் அனுப்பினால் திரும்பி வரும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? தினமும் நாற்பது பேருக்கு அதைச் சொல்கிறவள். இறந்தவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் சட்டத்தை ஞாபகம் வைத்திருக்கிறாள். அதற்குப் பதிலாக நான் அனுப்பியதை அவள் படிக்கக்கூடாது. அதற்கு முன்னால் நான் போய் நின்றுவிட வேண்டும், நானே வாயால் சொல்லிவிட வேண்டும். அதைச் சொன்னதாக எடுத்துக்கொள்வாளா என்பது வேறு.

என்ன சொல்வது என்று ஐந்து மணி நேரமும் மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன். 'உன் இழப்பு ஈடு செய்ய முடியாதது.' அது பன்னிரண்டாம் நம்பர் கடிதம். 'எங்களால் இயன்ற உதவியைச் செய்வோம்.' அது பதினேழு. 'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.' ஐந்து. எதை எடுத்தாலும் அது நான் ஏற்கெனவே எழுதி நம்பர் போட்டு வைத்த கடிதமாக இருந்தது. யாருக்கோ எழுதாமல் ஒருத்திக்கு மட்டும் என்று ஒரு வாக்கியம் என்னிடம் இல்லை. நாற்பத்தாறு வயதில் இது தெரிய வந்தது எனக்கு அவமானமாக இருந்தது.

ஐந்தரை மணிக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒடுக்கமான தெரு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் அங்குமிங்கும் கிடந்தன. பெரும்பாலும் காலி. கூட்டம் கலைந்துவிட்டது, மதியமே எல்லாம் முடிந்துவிட்டது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். உள்ளே முன்னறையில் சுவரில் சாய்ந்து ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். குரலைக் கேட்டதுமே யாருடைய அம்மா என்று தெரிந்துவிட்டது. அதே சன்னக்குரல். பெண்ணின் அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றேன். அவர் முகம் மாறியது.

"நீங்கதானா அந்த மேடம்?" என்று எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஆயிற்று, எல்லாம் தெரிந்திருக்கிறது, திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூடத் தோன்றியது. அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே. இவ பின்னாடி குளிச்சிட்டு இருக்கா, வந்துருவா. உங்களப் பத்தி இவ அப்பாவும் சொன்னாரும்மா. திங்கக்கிழம காலைல ரொம்ப முடியாமப் போச்சு, இவகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரத்துல போன் பண்ணினா. 'மேடம்கிட்ட சொல்லிட்டேம்மா, டிக்கெட்தான் இன்னும் கிடைக்கல'ன்னா. இவர் கேட்டுட்டு, 'நல்ல மேடம், சொன்னதும் விட்டுட்டாங்க பாரு'ன்னார். பஸ்ஸுலதான் இடமில்லன்னு அவருக்கு ஒரே கவல. 'நின்னுக்கிட்டாவது வரச் சொல்லு, டிரைவர் பக்கத்துல உக்காந்தாவது வரச் சொல்லு'ன்னு. செவ்வாக்கிழம பூரா அதே பேச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா கண்ணத் தொறப்பார். 'டிக்கெட் கிடைச்சிருச்சாமா'ம்பார். நேத்து சாயங்காலம் எப்படியோ ஏறிட்டேன்னு சொன்னா. அதச் சொன்னதும் தலைய ஆட்டினார். ஒம்பது மணிக்குப் போயிட்டார். இவ வந்து சேர்றப்ப பதினொண்ணு."

சொம்பைக் கீழே வைத்தேன். அந்த மனிதர் இரண்டு நாள் படுக்கையில் கிடந்து காத்திருந்தது எங்கள் டிக்கெட்டுக்கு. அது ஒரு பஸ் டிக்கெட் என்று நினைத்துக்கொண்டு, என்னை நல்லவள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் திங்கட்கிழமை விரலைத் தூக்காமல் தலையைத் தூக்கியிருந்தால், அன்று சாயங்காலமே அவள் அவர் கட்டிலருகே நின்றிருப்பாள். இரண்டு பகல் முழுக்க அவரோடு இருந்திருப்பாள்.

"அவ்வளவு கூட்டமாம்மா அந்த பஸ்ஸுல?" என்று அந்த அம்மாள் கேட்டார். குற்றம் சொல்கிற தொனி துளியும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். "நீங்க எப்படி வந்தீங்க? உங்களுக்கு டிக்கெட் கிடைச்சுதா?"

"கிடைச்சுதும்மா" என்றேன்.

பின்பக்கக் கதவு திறந்து அவள் வந்தாள். ஈரத் தலை. கழுத்தில் நாடா இல்லை. நாலு வருஷத்தில் நாடா இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை, யாரோ வேறு பெண் மாதிரி இருந்தாள். என்னைக் கண்டதும் அப்படியே நின்றாள். அதிர்ச்சியா, பயமா, தெரியவில்லை. "மேடம்" என்றாள். நான் எழுந்தேன். ஐந்து மணி நேரம் எழுதிப் பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. வாயைத் திறந்தேன்.

"உன் நிலைமை எனக்குப் புரியுதும்மா."

அதுதான் வந்தது. சத்தியமாக அது மனதிலிருந்துதான் வந்தது, ஆனால் வந்தது அந்த உருவத்தில். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அந்த வாக்கியம் அதோடு முடியாது என்று அவளுக்குத் தெரியும். அவளே மெல்லக் கேட்டாள்.

"எனினும்?"

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படி இல்லை. அடுத்து என்ன இணைப்பு வேண்டும், அதை எங்கே போய் வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தன் லீவை மறுக்கத்தான் நான் இவ்வளவு தூரம் நேரில் வந்திருக்கிறேன் என்று அவள் நம்பினாள். என்னைப் பற்றி அவளால் நம்ப முடிந்தது அதுதான்.

"என்னடி?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுப் பெண் வாசலிலிருந்து ஒரு போனை நீட்டினாள். "இந்தா, சார்ஜ் ஏறிடுச்சு. உங்க வீட்டுல கரண்டு வந்தா சொல்லு." சன்னக்குரல் அதை வாங்கி, பக்கத்துப் பட்டனை அழுத்திப் பிடித்தாள். திரை வெளுத்தது.

"அத ஒரு நிமிஷம் பாக்காதம்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "அதுல ஒரு மெயில் இருக்கு. காலைல வந்தது."

"லீவு மெயிலா மேடம்?"

"ஆமா. திருப்பியாச்சு."

அவள் கண்ணில் ஏதோ அணைந்தது. உடனே, எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், ஒரு வழியும் விட்டுக் கொடுத்தாள். "சிஸ்டமா மேடம்?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். எங்கள் மாடியில் எல்லாப் பாவத்தையும் சிஸ்டத்தின் தலையில்தான் போடுவோம். அவள் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் நல்ல மேடம் என்று சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற பார்வை.

"இல்ல" என்றேன். "நான். நான்தான் அழுத்தினேன். மூணு தடவையும் நான்தான். யாருன்னு பாக்கவே இல்ல. பாத்திருக்கணும். திங்கக்கிழம நீ பக்கத்துல வந்து நின்னப்பவே பாத்திருக்கணும்."

"என்னத்தத் திருப்பினாங்க?" என்று அம்மா கேட்டார்.

"டிக்கெட்டும்மா" என்றாள் அவள்.

"பஸ் டிக்கெட்டா?"

அந்த அம்மாள் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் பார்த்தார். போன் விழித்துக்கொண்டு சத்தம் போட ஆரம்பித்தது. விட்டுப்போன அழைப்புகள், செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவள் குனிந்து படிக்கத் தொடங்கினாள். ஒரு எட்டு முன்னால் வைத்து, "நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

அவள் நிமிரவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

நின்றேன். அவளுடைய மற்றொரு கையின் கட்டைவிரல் திரையை மெல்ல மேலே தள்ளிக்கொண்டே போனது. வாசலில் யாரோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். உள்ளே என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காருங்கள் என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. தூக்கிய விரல் இறங்கவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.